வெள்ளிக்கிழமைக் கடிதத்தில் போனவை

முதலில் போனது நகராட்சிச் சங்கு. வெள்ளூரணியில் காலை எட்டுக்கும் பகல் பன்னிரண்டுக்கும் சாயங்காலம் ஐந்துக்கும் ஊதிக்கொண்டிருந்த சங்கு, அதைக் கேட்டு உலை வைத்தவர்களும் அதைக் கேட்டுத் தீப்பெட்டி ஆபீசுக்கு ஓடியவர்களும் அதைக் கேட்டும் புரண்டு படுத்தவர்களுமாக ஊரே பழகிப்போயிருந்த சங்கு, ஒரு வெள்ளிக்கிழமை எட்டு மணிக்கு ஊதவில்லை. பார்க்கப் போன எலக்ட்ரீஷியன், கம்பம் இருக்கிறது, உச்சியில் சங்கைக் காணோம், சங்கைப் பூட்டியிருந்த போல்ட்டுக்குத் துளைகூட இல்லை என்று வந்து சொன்னார். அன்று காலை ஆறு மணிக்குத்தான் ஆவுடையப்ப அண்ணாச்சியின் கடிதம் அந்தச் சங்கைப் பற்றி வந்திருந்தது. அதைத் திறந்து படித்தவர்கள் ஊரில் இரண்டே பேர் என்பதால், இதையும் அதையும் முடிச்சுப் போட எங்களுக்கு மூன்று வாரம் ஆயிற்று.

ஆவுடையப்பன் யார் என்று சொல்லிவிடுகிறேன். தொலைபேசி இலாகாவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஒரு காலத்தில் அவருடைய கதை வாரப் பத்திரிகையில் படத்தோடு வரும். வந்த வாரம் அவர் கடைத்தெருவில் நடப்பதே தனியாகத் தெரியும். சங்கரன்கோவிலிலிருந்தும் சாத்தூரிலிருந்தும் ஆட்கள் பஸ் ஏறி அவரைப் பார்க்க வந்திருக்கிறார்கள். அப்புறம் பத்திரிகைகள் இளைத்தன, ஆசிரியர்கள் மாறினார்கள், அனுப்பிய கதைகள் திரும்பி வந்தன, பிறகு திரும்பியும் வராமல் போயின. அப்பா மோட்டுவளையைப் பார்த்தபடி கிடக்கிறாரே என்று, பெங்களூரில் இருக்கும் மகள் ஒரு விடுமுறையில் வந்து மின்னஞ்சல் கடிதம் ஒன்றை ஏற்படுத்திக் கொடுத்தாள். நியூஸ்லெட்டர் என்று அவள் சொன்னாள், கடிதம் என்று அவர் சொன்னார். வியாழக்கிழமை எழுதி வைத்தால் வெள்ளி காலை ஆறு மணிக்குத் தானே போய்விடும்.

பட்டியலில் நானூற்றுப் பன்னிரண்டு பேர் இருந்தார்கள். திறப்பவர்கள் முப்பத்தேழு பேர். அதிலும் ஒருவர் அவரேதான், ஒழுங்காகப் போயிருக்கிறதா என்று பார்ப்பதற்காக. பத்திரிகைக் காலத்தில் எத்தனை பேர் படிக்கவில்லை என்று யாருக்கும் தெரியாது, நிம்மதியாக இருந்தார். இந்தப் பாழாய்ப்போன கடிதமோ யார் திறந்தார்கள், யார் திறக்காமல் விட்டார்கள், யார் இனி வேண்டாம் என்று கழன்றுகொண்டார்கள் என்று ஒன்றுவிடாமல் சொல்லிக்கொண்டிருந்தது. அவர் மனைவி வடிவு மதினியின் பெயரும் பட்டியலில் உண்டு. அவள் ஒன்றைக்கூடத் திறந்ததில்லை. கேட்டதற்கு, "என்னையப் பத்தி எழுதுத அன்னைக்குப் படிக்கேன்" என்றாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள், ஆனால் முப்பத்தெட்டு வருஷக் கல்யாணத்தில் அவர் அவளைப் பற்றி ஒரு வரி எழுதியதில்லை என்பது எங்கள் எல்லாருக்கும் தெரியும்.

சங்குக்குப் பிறகு ஒன்பதாம் நம்பர் டவுன் பஸ் போயிற்று. அதன் ஓட்டை ஜன்னலையும் திருப்பத்தில் அது முனகும் முனகலையும் அவர் எழுதியிருந்தார். வெள்ளிக்கிழமை காலை டிரைவரும் கண்டக்டரும் டிக்கெட் பையோடு நின்றுகொண்டிருந்தார்கள், அவர்களுக்கு நடுவில் ஒரு பஸ் நீளத்துக்கு வெறும் தரை. அடுத்த வாரம் ஊருக்கு மேற்கே இருந்த கோடாங்கிக் கரடு என்ற மொட்டைக் குன்று போயிற்று. கரடு போனதும் சூரியன் எங்கள் ஊரில் நாலு நிமிஷம் பிந்தி விழ ஆரம்பித்தது. விளக்கேற்றும் நேரத்தைப் பெண்கள் நாலு நிமிஷம் தள்ளி வைத்துக்கொண்டார்கள், கரட்டில் மேய்ந்த ஆடுகள் இரண்டு நாள் வழக்கமான இடத்தில் போய்த் தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு ஓடைப்பக்கம் போய்விட்டன. அப்போதுதான் நடுநிலைப்பள்ளி ஜெயராணி டீச்சர் மூன்று கடிதங்களையும் ஒன்றாக வைத்துப் படித்துவிட்டு விஷயத்தைச் சொன்னார். நாங்கள் கேட்டுக்கொண்டோம். மழை வரும் என்று சொன்னால் கேட்டுக்கொள்வதில்லையா, அப்படித்தான்.

அதன்பிறகு ஊர் அதற்கேற்றபடி தன்னை ஒழுங்குபண்ணிக்கொண்டது. நகராட்சியில் காணாமல் போனவற்றை எழுதும் பதிவேட்டில், திருட்டு, சேதம் என்பதற்குப் பக்கத்தில் 'கடிதம்' என்று ஒரு பத்தி போட்டார்கள். வெள்ளிக்கிழமை காலை ஆறு மணிக்கு ஊர் மொத்தமும் போனைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது, இன்றைக்கு எது இல்லை என்று தெரியாமல் எப்படி வெளியே இறங்குவது. பிள்ளைகள் வீட்டுப்பாடம் கடிதத்தில் போய்விட்டது என்று சொல்லி அடி வாங்கினார்கள். வெளியூர்க்காரர்களும் சேர்ந்தார்கள், சிங்கப்பூரிலிருந்தும் கனடாவிலிருந்தும் சேர்ந்தார்கள். இருப்பதைப் பற்றி எழுதியபோது எட்டிப் பார்க்காதவர்கள் எல்லாம் இல்லாமல் போவதைப் பற்றி என்றதும் விழுந்தடித்து வந்தார்கள். முப்பத்தேழு நானூறாகி, நானூறு நாலாயிரமாகி, அண்ணாச்சி சலவை வேட்டி கட்ட ஆரம்பித்தார்.

ஆட்கள் வேண்டுதலோடும் வந்தார்கள். நகராட்சித் தலைவர் குப்பைமேட்டைப் பற்றி எழுதச் சொன்னார், மகளிர் குழுவினர் மதுக்கடையைப் பற்றி எழுதச் சொன்னார்கள், பரோட்டாக் கடை குத்தாலிங்கம் எதிர்க்கடையைப் பற்றி எழுதச் சொன்னார். அண்ணாச்சி முதல் இரண்டையும் எழுதினார். குப்பைமேட்டில் நாற்றம் மட்டும் இரண்டு நாள் குறைந்தது. மதுக்கடையில் பெயர்ப்பலகை போயிற்று, கடை அப்படியே இருந்தது. ஜெயராணி டீச்சர்தான் அதற்கும் காரணம் சொன்னார்.

"அண்ணாச்சி, மனசு வச்சு எழுதினியன்னாத்தான் போகுது. குப்பைமேட்ட மூக்கப் பொத்திக்கிட்டு எழுதிருக்கிய. பெறகு எப்படிப் போகும்?"

சொன்னதோடு நிற்காமல் ஒரு வாரம் கடிதத்தைத் தாமே எழுதிப் பார்க்கிறேன் என்று கேட்டு வாங்கி, இருபது வருஷமாகத் தம்மோடு இருந்த முழங்கால் வலியைப் பற்றி டீச்சர் எழுதினார். அது எந்தப் படியில் விழிக்கும், எந்த மாதத்தில் கோபித்துக்கொள்ளும், எப்போது தைலத்துக்கு மயங்குவதுபோல் நடிக்கும் என்று எழுதியிருந்தார். வெள்ளிக்கிழமை வலி போய்விட்டது. உடனே ஊரில் ஆளுக்கொரு வலியை எழுதிக்கொண்டு வந்தார்கள். எல்லாரும் ஐயோ வலிக்கிறதே என்றுதான் எழுதியிருந்தார்கள், ஒன்றும் போகவில்லை. யார் எழுதினாலும் போகும், ஆனால் எழுதுகிறவருக்கு அது அணு அணுவாகத் தெரிந்திருக்க வேண்டும் என்று அப்போது புரிந்தது. வெறும் ஆச்சரியமாக இருந்தது எங்களுக்கு. பயம் டெய்லர் இசக்கிமுத்து போன அன்றைக்குத்தான் வந்தது.

அவரைப் பற்றி எழுத அண்ணாச்சி நினைக்கவேயில்லை. பஜாரின் மத்தியான வெயிலைப் பற்றித்தான் எழுதினார், அதில் போகிற போக்கில் இரண்டு வரி, மூலையில் ஒரு டெய்லர் நூலைக் கடித்து அறுப்பதைப் பற்றி. வெயில் போகவில்லை. காலை பத்து மணிக்குப் போய்ப் பார்த்தால், விடியுமுன்பே தைக்க உட்கார்ந்த இசக்கிமுத்துவின் தையல் மிஷின் ஆளில்லாமல் ஓடிக்கொண்டிருந்தது, ஒரு ஜாக்கெட் பாதி தைத்து ஊசியடியில் நின்றது. அவர் மனைவி செல்லக்கனிக்கு அந்த இரண்டு வரியை யாரோ வாசித்துக் காட்டினார்கள். அவள் அழவில்லை, இன்னொரு தடவை வாசிக்கச் சொன்னாள்.

"அவரேதான். நூலக் கடிக்கும்போது எடது கண்ண மூடுவாரு. எனக்கு மட்டுந்தான் தெரியும்னு நெனச்சிருந்தேன்" என்றாள்.

அண்ணாச்சி ஓடி வந்து அவள் காலில் விழுந்தார். அது நிஜமான அழுகை, பொய் சொல்லக்கூடாது. ஆனால் மிஷின் ஓடும் சத்தத்தைக் கேட்பதற்கு முன்பே அவர் போனைப் பார்த்திருந்தார், அன்றைக்குத் திறந்தவர்கள் இருபத்திரண்டாயிரம் பேர், அதைப் பார்த்து நாற்காலியை விட்டு எழுந்து இரண்டு தடவை அறைக்குள்ளேயே நடந்திருந்தார். வடிவு மதினி அதைப் பார்த்துவிட்டாள். அவளே பிற்பாடு எங்களிடம் சொன்னது இது.

மறுநாள் ஊர் கூடிப் பேசி, ஒரு தட்டில் பழம் வெற்றிலை வைத்துக்கொண்டு அண்ணாச்சி வீட்டுக்குப் போனது. குத்தாலிங்கம்தான் பேசினார்.

"அண்ணாச்சி, நிறுத்திருங்களேன்."

"நிறுத்தினா நான் இருக்கேன்னு யாருக்கு வே தெரியும்?"

நாங்கள் இத்தனை பேர் எதிரே நின்றுகொண்டிருந்தோம் என்பது அவருக்கும் தோன்றவில்லை, எங்களுக்கும் தோன்றவில்லை.

"சரி, எழுதுங்க. ஆனா கொஞ்சம் மோசமா எழுதுங்க" என்றார் குத்தாலிங்கம்.

"மோசமாவா?"

"எல்லாரும் எழுதுதாங்கள்லா, அந்த மாதிரி."

அண்ணாச்சி தலையை ஆட்டினார். ஆனாலும் எங்களுக்கு நம்பிக்கையில்லை. அவர் தெருவில் வந்தால் ஆட்கள் தங்களைத் தாங்களே மறைத்துக்கொண்டார்கள். நொண்டி நடப்பவர் நேராக நடந்தார், திக்குவாய் பார்பர் வாயையே திறக்கவில்லை, சண்டைக்காரிகள் ஒருவருக்கொருவர் வணக்கம் சொல்லிக்கொண்டார்கள், டீக்கடையில் வாடிக்கையாக ஒரு கெட்டவார்த்தையோடு டீ கேட்பவர் 'ஒரு தேநீர் வழங்கவும்' என்று கேட்டார். அம்மாக்கள் பிள்ளைகளின் தெற்றுப்பல்லைக் கையால் மூடினார்கள். அவருடைய கண்ணில் பிடித்துக்கொள்ள ஏதும் அகப்படாமல் ஊரே வழவழப்பாகிவிட்டது. ஒரு மனுஷன் வருகிறான் என்று அத்தனை பேரும் ஒரே மாதிரி ஆகிப்போவதை நான் அதற்கு முன் பார்த்ததில்லை, என் முகத்தையும் நான் அப்படித்தான் வைத்துக்கொண்டேன்.

பதினோரு வாரம் அவர் சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். கோடை காலம் கொடியது என்று எழுதினார். கல்வி கண்ணைப் போன்றது என்று எழுதினார். எதுவும் போகவில்லை, படிப்பவர்கள்தான் போனார்கள். இருபத்திரண்டாயிரம் ஒன்பதாயிரமாயிற்று, ஒன்பதாயிரம் அறுநூறாயிற்று, கடைசியில் முப்பத்தொன்பதில் வந்து நின்றது. அண்ணாச்சி சாப்பிடும்போதும் போனைப் பார்த்தார். கண்ணாடியில் முகம் தெரிகிறதா என்று போய்ப் போய்ப் பார்த்தார். பஜாரில் எதிரே வந்தவர்கள் அவருக்குப் பயந்து ஒதுங்க, அவரோ தன்னை யாருக்குமே தெரியவில்லை என்று நினைத்துக்கொண்டு வீட்டுக்குத் திரும்பினார். இரண்டு பக்கமும் பயம்தான்.

பன்னிரண்டாவது வியாழக்கிழமை மத்தியானம் வடிவு மதினி சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். அண்ணாச்சி நாற்காலியில் உட்கார்ந்து அவளைப் பார்த்தார். அவள் தலை நிமிராமலே கேட்டாள்.

"ஏன் இப்பிடிப் பாக்கிய?"

"சும்மாதான்."

சும்மா இல்லை என்று அவளுக்குத் தெரியும். ஊரில் இத்தனை பேர் முகத்தை மறைத்துக்கொண்டார்களே, அவள் மறைத்துக்கொள்ளவில்லை. உரித்துக்கொண்டே இருந்தாள், கண்ணில் தண்ணீர் வந்தபோது மேல்கையால் துடைத்துக்கொண்டாள்.

அண்ணாச்சி உள்ளே போய்க் கதவைச் சாத்தினார். மோசமாகத்தான் எழுதப்போகிறோம், மோசமாக எழுதினால் ஒன்றும் ஆகாது, மனைவியைப் பற்றி என்றால் நாலு பேராவது கூடத் திறப்பார்கள் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். 'என் மனைவி மிகவும் நல்லவர்' என்று ஆரம்பித்தார். அந்த 'மிகவும்' அவருக்குக் குத்தியது. எடுத்தார். 'நல்லவர்' குத்தியது. அதையும் எடுத்துவிட்டு வேறு போட்டார், போட்டது நன்றாக இருந்தது, அது நன்றாக இருந்ததால் அடுத்த வரி அதற்குக் குறைந்ததாக நின்றது, அதையும் திருத்தினார். கெட்ட வாக்கியத்தை அப்படியே விட்டுவிட அவர் கையால் ஆகாது. சாயங்காலம் வெளியே வந்தபோது சட்டை முழுக்க நனைந்திருந்தது. வாழ்க்கையில் எழுதியதிலேயே சிறந்ததை எழுதியிருந்தார், கடிதத்தை ஆறு மணிக்குப் போகும்படியும் வைத்திருந்தார்.

"வடிவு, ஒன்னையப் பத்தி எழுதிட்டேன்."

அவள் விளக்கேற்றிக்கொண்டிருந்தாள், நாலு நிமிஷம் பிந்தி. தீக்குச்சி விரலைச் சுடும்வரை பிடித்துக்கொண்டிருந்துவிட்டுக் கீழே போட்டாள்.

"நல்லா வந்திருக்கா?"

"வந்திருக்கு."

"நிறுத்த முடியுமா?"

"முடியும். ஒரு பட்டனத் தட்டினாப் போதும்."

"நிறுத்துவியளா?"

அவர் போனை எடுத்துப் பார்த்தார். அவள் ரொம்ப நேரம் காத்திருந்தாள். எத்தனை வருஷமாகக் காத்திருந்தாளோ அத்தனை காத்திருப்பிலும் இதுதான் பெரியது என்று எங்களிடம் சொன்னாள்.

"போட்டும்" என்றாள் பிறகு. "படிக்கேன்னு சொன்னேம்லா."

வெள்ளிக்கிழமை காலை ஐந்தரைக்கே குளித்து, மகள் எடுத்துக் கொடுத்த பச்சைச் சேலையைக் கட்டி, முற்றத்தில் பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு வடிவு மதினி உட்கார்ந்தாள். எதிரே அண்ணாச்சி தரையில் உட்கார்ந்து அவள் முழங்கையைப் பிடித்துக்கொண்டார், பிடித்துக்கொண்டால் போகமாட்டாள் என்பதுபோல. பட்டன் தட்டும் தூரத்தில்தான் இருந்தது. ஐந்தே முக்கால் ஆயிற்று, ஐம்பது ஆயிற்று, ஐம்பத்தைந்து ஆயிற்று, அவர் தட்டவில்லை. ஆறு மணிக்கு ஊரில் அத்தனை போனும் ஒன்றாக முனகின. தலைப்பில் மதினியின் பெயரைக் கண்டு திறந்தோம், முதல் வரியைப் படித்ததும் நாங்கள் எழுந்து ஓடினோம், படித்துக்கொண்டே ஓடினோம், ஜெயராணி டீச்சர் வலியில்லாத காலோடு எல்லாருக்கும் முன்னால் ஓடினார், செல்லக்கனி செருப்பில்லாமல் ஓடி வந்தாள். அப்படியொரு எழுத்து அது. எனக்குப் பாதி வழியிலேயே கண் மறைத்தது, அந்தப் பொம்பளை போயே போய்விட்டாள் என்று நினைத்துவிட்டேன்.

மதினி இருந்தாள். நாற்காலியில் அப்படியே இருந்தாள். ஆறு ஐந்துக்கும் இருந்தாள், ஆறு பத்துக்கும் இருந்தாள். டீச்சர் தோளைத் தொட்டுப் பார்த்தார், சூடாக இருந்தது. அப்புறம் பாருங்கள் கூத்தை, ஆளாளுக்குக் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள், குத்தாலிங்கம் கடையிலிருந்து அல்வா கொண்டுவரச் சொன்னார், கேட்டுக்கு வெளியே யாரோ வெடிகூடப் போட்டார்கள். அண்ணாச்சி மனைவி மடியில் முகத்தை வைத்துக் குலுங்கிக் குலுங்கி அழுதார். பக்கத்தில் கிடந்த அவருடைய போன் விடாமல் அதிர்ந்தது, ஐயா அழுதுவிட்டோம், ஐயா இதைப்போல் ஒன்று படித்ததில்லை என்று கண்ட கண்ட ஊர்களிலிருந்தும் பதில் வந்துகொண்டிருந்தது.

"எங் கண்ணாடிய எடுங்க" என்றாள் மதினி.

எடுத்துக் கொடுத்தார்கள். அவள் தன் போனில் கடிதத்தைத் திறந்து, ஒவ்வொரு சொல்லாக, உதடு அசைய, படித்தாள். நாங்கள் அல்வாவைக் கையில் வைத்துக்கொண்டு நின்றோம். முடித்ததும் முதலிலிருந்து இன்னொரு தடவை படித்தாள்.

"காபி மணத்தோடயே எந்திரிப்பேன்னு எழுதிருக்கிய. நான் காபி குடிக்க மாட்டேன். முப்பத்தெட்டு வருசமா வெந்நிதான் குடிக்கேன்."

திரையில் அடுத்த இடத்தை விரலால் தொட்டாள்.

"நீங்க எழுதும்போது சத்தம் வராம வாசல்ல காவல் நிப்பேன்னு எழுதிருக்கிய. நான் காவல் நிக்கல. ரோட்டுல போற வாற ஆளப் பாத்துக்கிட்டு நின்னேன். எனக்குப் பேச்சுத் தொணை வேணும்னு நின்னேன்."

"வடிவு..." என்றார் அண்ணாச்சி.

"கோவமே வராதாம் எனக்கு." அவள் கண்ணாடியைக் கழற்றி மடித்தாள். "ரொம்ப நல்லாருக்கு. இவ யாரோ பாவம். இந்த வீட்டுல இல்ல."

ஜெயராணி டீச்சர்தான் முதலில் தலையைக் குனிந்துகொண்டு வெளியே போனார். செல்லக்கனி மதினியையே பார்த்துக்கொண்டு நின்றாள். அந்த முகத்தில் இருந்தது பொறாமையில்லை, கண் மூடுவதுவரை புருஷனைத் தெரிந்துவைத்திருந்த தான் கொடுத்துவைத்தவள் என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்ட ஒருத்தியின் முகம் அது. அவளும் போனாள். நாங்கள் ஒவ்வொருவராக நழுவினோம், சில பேர் மட்டும் கேட்டுக்கு வெளியே நின்றுவிட்டோம், எங்களால் போகவும் முடியவில்லை.

மதினி உள்ளே போய் அண்ணாச்சியின் கம்ப்யூட்டரை எடுத்து வந்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"அடுத்த வெள்ளிக்கு நான் எழுதுதேன்."

"எதப் பத்தி?"

"ஒங்களப் பத்தி."

அண்ணாச்சியின் முகத்திலிருந்து ரத்தம் இறங்கியதை நாங்கள் கேட்டுக்கு வெளியிலிருந்தே பார்த்தோம். சங்கு போனபோதும் டெய்லர் போனபோதும் அவர் அப்படி வெளிறியதில்லை. "வேண்டாம் வடிவு" என்றார், "ஒனக்கு எழுத வராது" என்றார், "ஒனக்கு என்ன தெரியும்" என்று கேட்டுவிட்டு, கேட்டதும் வாயைப் பொத்திக்கொண்டார். அவள் கம்ப்யூட்டரைத் திறந்தாள். ஒரே விரலால், எழுத்தைத் தேடித் தேடி, வெங்காயம் உரிக்கும் அதே நிதானத்தில் தட்டினாள். வெயில் ஏறியது. கட்டிவைத்த மாடுமாதிரி அவர் அந்த இடத்தைவிட்டு நகரவில்லை. முதல் வரி முடிந்ததும் திரையை அவர் பக்கம் திருப்பினாள்.

'இவர் ஒரு வரி எழுதி முடித்ததும் யாராவது வருகிறார்களா என்று வாசலைப் பார்ப்பார், வாசலில் நான் நிற்பேன், என்னைத் தாண்டிப் பார்ப்பார்' என்று இருந்தது.

அவர் அதைப் படித்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டு திரும்பவும் படித்தார். எடுப்பதற்கு ஒரு சொல்லைத் தேடினார், மாற்றுவதற்கு ஒரு சொல்லைத் தேடினார், விரலைத் திரைக்குப் பக்கத்தில் கொண்டுபோய்ப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார்.

"எப்படி இருக்கு?" என்று கேட்டாள்.

வாக்கியத்தைப் பற்றிக் கேட்டால் அவருக்குப் பொய் சொல்லத் தெரியாது.

"நல்லாருக்கு" என்றார்.

அவள் திரையைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டு அடுத்த வரியைத் தொடங்கினாள்.